அடிவயிறு வலித்தாலே 'நீர்க்கட்டி'தானா? பி.சி.ஓ.எஸ் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பல்க்கி ஓவரி' என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும் எல்லா வயிற்று வலிக்கும் ஒரே பெயர்தான். காலையில் சாப்பிடாமல் போய் வலித்தாலும் நீர்க்கட்டி வலி. பீரியட்ஸ் நேரத்தில் சுருண்டு படுத்தாலும் நீர்க்கட்டி வலி. வலது பக்கம் சுருக்கென்று குத்தினாலும், "அதான் டாக்டர் அன்னைக்கே சொன்னாரே, நீர்க்கட்டின்னு" என்று அம்மா சுக்குக் கஷாயம் வைக்கப் போய்விடுவார்.

கஷாயத்தில் தவறில்லை. ஆனால், அந்த முடிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. பி.சி.ஓ.எஸ் என்று சொல்லப்படும் பிரச்னையின் முக்கிய அறிகுறிகளில் அடிவயிற்று வலி கிடையாது. மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்திலும் தாடையிலும் முடி வளர்வது, விடாத முகப்பரு, தலைமுடி மெலிவது, எடை கூடுவது, கழுத்தின் பின்புறம் கறுத்துப்போவது, கருத்தரிப்பதில் தாமதம்... இவைதான் அதன் அடையாளங்கள். வலி வருகிறதென்றால், பெரும்பாலும் அதற்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடாமல் விடுவதுதான் ஆபத்து.

கட்டியே இல்லாத 'நீர்க்கட்டி'

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 1935-ம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள், மாதவிடாய் வராத 7 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெண்களின் சினைப்பைகள் பெரிதாக, சின்னச் சின்ன நீர்ப்பைகளோடு இருந்தன. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பெயர் வந்தது. தமிழுக்கு வரும்போது அது 'நீர்க்கட்டி' ஆனது. 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் அடுத்தடுத்த கேள்விகள் வந்துவிடும். உடையுமா? ஆபரேஷன் பண்ணணுமா? புற்றுநோய் ஆகுமா? ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்ப் பெயர்தான் கூடுதலாகப் பயமுறுத்துகிறது என்று சொல்லலாம்.

உண்மையில் ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல. சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையும் ஒரு குட்டி நீர்ப்பைக்குள் வளர்கிறது. அதற்கு ஃபாலிக்கிள் என்று பெயர். வழக்கமாக மாதம் ஒரு ஃபாலிக்கிள் முழுதாக வளர்ந்து, முட்டையை வெளியே விடும். பி.சி.ஓ.எஸ் இருப்பவர்களுக்கு ஹார்மோன் சமநிலை மாறியிருப்பதால், நிறைய ஃபாலிக்கிள்கள் கிளம்பி, பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. அப்படி நின்றுபோனவைதான் ஸ்கேனில் வரிசையாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. கடுகுக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட அளவு. அவை உடைவதுமில்லை, பொதுவாக வலிப்பதுமில்லை.

இந்தப் பெயரே திசைதிருப்புகிறது, மாற்ற வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2012-லேயே பரிந்துரைத்தது. பிரச்னையின் வேர் சினைப்பையோடு நிற்பதில்லை என்பதுதான் காரணம். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது, கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்களிடம் அதிகமாக இருக்கும் ஆண்ட்ரோஜன் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. அதனால் முட்டை வளர்ச்சி தடைபட, மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இது வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'நீ குண்டா இல்லையே, உனக்கெப்படி?' என்ற கேள்விக்கு அர்த்தமில்லை.

இன்னொரு தகவல், டீன் ஏஜ் பெண்களின் அம்மாக்களுக்கு. டீன் ஏஜ் வயதில், பி.சி.ஓ.எஸ்ஸை உறுதிசெய்ய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி. அந்த வயதில் நிறைய ஃபாலிக்கிள்கள் தெரிவது இயல்பு. 15 வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் 'பல்க்கி ஓவரி' என்று இருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் வைத்து அவளுக்கு நோயாளிப் பட்டம் கட்டிவிடாதீர்கள்.

பி.சி.ஓ.எஸ் அரிதானதும் அல்ல. 2024-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வில், 18 முதல் 40 வயதுவரையிலான இந்தியப் பெண்களில், எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, சுமார் 7 சதவிகிதம் முதல் 20 சதவிகிதம்வரை இது காணப்பட்டது. ஒரு கல்லூரி வகுப்பில் நாலைந்து பேருக்காவது இருக்கலாம் என்று பொருள்.

அப்படியானால் வலிப்பது எது?

புவனகிரியிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வரும் 19 வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மாதவிடாய் வந்து 75 நாள்கள் ஆகின்றன. திடீரென்று ஒருநாள் ரத்தப்போக்கு தொடங்குகிறது. அடிவயிற்றில் பிசைவது போன்ற வலி, தொடைவரை இழுக்கிறது, கட்டிகட்டியாக ரத்தம் போகிறது. இந்த வலிக்கும் பி.சி.ஓ.எஸ்ஸுக்கும் தொடர்பு உண்டு. ஆனால், அது சுற்றிவளைத்த தொடர்பு. முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உள்வரிச் சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகலாம். கடைசியில் மொத்தமாக உதிரும்போது, அதை வெளியேற்றக் கருப்பை பலமாகச் சுருங்குகிறது. சுருங்கவைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம். வலிப்பது கருப்பைதான், சினைப்பை அல்ல. இந்த வகை வலி ரத்தப்போக்கோடு அல்லது அதற்குச் சற்று முன் தொடங்கி, இரண்டு மூன்று நாள்களில் அடங்கிவிடும்.

அதே பெண்ணுக்கு வேறொரு வலியும் வரலாம். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் மாலைவரை கழிவறைப் பக்கமே போவதில்லை. சுத்தமாக இருக்காது, தாழ்ப்பாள் இருக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். பல மாணவிகள், கடைகளில் நின்றபடி வேலை பார்க்கும் பெண்கள், தறி முன்னால் மணிக்கணக்கில் உட்காரும் பெண்கள் என்று பலருக்கும் இதுதான் பழக்கம். விளைவு, சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும். இரண்டுமே அடிவயிற்றில்தான் வலிக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டும்போன்ற உணர்வு, காய்ச்சல் இருந்தால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். எளிய சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இதற்கு 'நீர்க்கட்டி' சூரணம் சாப்பிட்டு ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது, எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்வரிச் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வது இது. உலக அளவில் கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதாமாதம் படிப்பை, வேலையை நிறுத்துகிற அளவுக்கு வலி, மாதவிடாய் முடிந்த பிறகும் தொடரும் வலி, மலம் கழிக்கும்போதோ தாம்பத்திய உறவின்போதோ வலி... இவை இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பி.சி.ஓ.எஸ் இருப்பவருக்கு இதுவும் சேர்ந்தே இருக்கலாம். வழக்கமான ஸ்கேனில் பல நேரங்களில் தெரியாமலும் போகலாம். 'எல்லா பொண்ணுங்களுக்கும் வர்ற வலிதான்' என்று வீட்டில் சொல்லியும், 'பி.சி.ஓ.எஸ் இருக்குல்ல, அதான்' என்று வெளியில் சொல்லியும் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பது இந்த நோய்தான்.

காத்திருக்கக் கூடாத வலிகள்

சில வலிகளுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

திடீரென்று ஒரு பக்கமாக, நிமிர முடியாதபடி வலி, கூடவே வாந்தி. இது சினைப்பை முறுக்கிக்கொண்டதால் வந்ததாக இருக்கலாம். உண்மையான, பெரிய கட்டி இருக்கும் சினைப்பை தன் ரத்தக்குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்போது அதற்குப் போகும் ரத்தம் தடைபடுகிறது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் சினைப்பையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. தாமதமானால் அதை இழக்க நேரிடலாம். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, காய்ச்சல், பசியின்மை என்றால் குடல்வால் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் பேசத் தயங்குகிற விஷயம். பி.சி.ஓ.எஸ் இருப்பவர்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது பழகிவிடுவதால், கர்ப்பமாகியிருப்பதே தெரியாமல் போகும். 'எனக்குக் குழந்தை நிக்காது' என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். அது தவறு. பி.சி.ஓ.எஸ் இருந்தாலும் எந்த மாதமும் முட்டை வெளிவரலாம். கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிட்டால் ஒரு பக்க வலி, லேசான ரத்தக்கசிவு, மயக்கம், தோள்பட்டை வலி வரும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் வலி வந்தால், கர்ப்பத்துக்கு வாய்ப்பு உள்ள யாராக இருந்தாலும் முதலில் சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். டாக்டர் இதைக் கேட்கும்போது அம்மாக்கள் கோபப்படாமல், பெண்ணைத் தனியாகப் பேசவிடுவது நல்லது.

மயக்கம், அதிக ரத்தப்போக்கு (ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைவது), காய்ச்சலோடு வலி, நிற்காத வாந்தி... இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

வீட்டிலேயே வலியைக் குறைக்க...

காரணம் மாதவிடாய் வலிதான் என்று தெளிவான பிறகு, வீட்டில் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் நம் பாட்டிகள் செய்த ஒன்றுக்கு ஆய்வுகளின் ஆதரவும் இருக்கிறது. அதுதான் ஒத்தடம். வெந்நீர்ப் பையோ, துணியில் முடிந்து சூடேற்றிய கல் உப்போ, தவிடோ, எது வசதியோ அது. 15 முதல் 20 நிமிடங்கள், உடைக்கு மேல், கை பொறுக்கும் சூட்டில். மாதவிடாய் வலிக்குத் தொடர்ச்சியான மிதமான சூடு, வலி மாத்திரைக்கு இணையான நிவாரணம் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுருங்கிய தசை தளர்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது. தோல் சிவந்து கொப்புளிக்கும் அளவுக்குச் சூடு வேண்டாம்.

அடுத்தது நடை. இதைச் சொன்னால் வலியில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். வலிக்கும் நாளில் ஓடச் சொல்லவில்லை. மற்ற நாள்களில், வாரத்துக்கு மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் 45 நிமிடங்கள் முதல் 1 மணி நேரம்வரை உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மாதவிடாய் வலி குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான காக்ரன் ஆய்வறிக்கை சொல்கிறது. வேக நடை, யோகா, டான்ஸ் எதுவாகவும் இருக்கலாம். சிதம்பரத்தில் இருப்பவர்களுக்குத் தேரோடும் நான்கு வீதிகள் இருக்கின்றன. மாலை வேளையில் அம்மாவும் பெண்ணுமாகச் சுற்றி வந்தால், பேச்சும் நடக்கும், நடையும் நடக்கும். இந்த நடை இன்சுலினையும் கட்டுக்குள் கொண்டுவருவதால், வலியோடு பி.சி.ஓ.எஸ்ஸின் வேரையும் தொடுகிறது. எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 சதவிகிதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ. பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, உடலுக்குத் தெரியும்.

சாப்பாட்டில், பி.சி.ஓ.எஸ்ஸுக்கென்று தனி டயட் எதுவும் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. 2023 வழிகாட்டியும் அதையேதான் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கும் 'பி.சி.ஓ.எஸ் டயட் சார்ட்'டுகளை விட்டுவிடலாம். நெல் விளையும் ஊரில் சோற்றை நிறுத்து என்றால் யாரும் கேட்கப்போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம். தட்டில் சோற்றின் பங்கைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டினால் போதும். கத்திரிக்காய் கொத்சு இருக்கிறது, பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் வருகிறது. பொரிக்காமல் குழம்பு வைத்தால் நல்லது. மாற்ற வேண்டியது, கல்லூரி வாசலில் தினமும் குடிக்கும் கூல்டிரிங்க்ஸும் பேக்கரி பப்ஸும்தான்.

உளுந்தங்களியும் வெந்தயக்களியும் எள்ளுருண்டையும் பூப்பெய்திய பெண்ணுக்கு நம் ஊர் தரும் அருமையான உணவுகள். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரைதான். நிறம் மாறுவதால் இன்சுலின் ஏமாறாது. களியில் நல்லெண்ணெயைத் தாராளமாக விடுங்கள், இனிப்பைப் பாதியாக்குங்கள்.

சுக்கு, இஞ்சி டீ மாதவிடாய் வலிக்கு ஓரளவு உதவலாம் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. குடிப்பதில் தடையில்லை. கழற்சிக்காய்ப் பொடி, மலைவேம்புச் சாறு விஷயம் வேறு. 'நீர்க்கட்டி 48 நாளில் கரையும்' என்று ரீல்ஸில் விற்கப்படும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கரைய அங்கே கட்டியும் இல்லை. கருத்தரிக்க முயல்பவர்களும் வேறு மாத்திரை எடுப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவுகள் இருக்கின்றன. பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, ரிப்போர்ட் பார்த்துத் தருவதும், செல்போனில் ஆர்டர் செய்து வரும் டப்பாவும் ஒன்றல்ல.

'இயற்கையா'கத்தான் தாங்குவேன் என்று வலியோடு போராட வேண்டியதும் இல்லை. டாக்டர் சொன்ன வலி மாத்திரையை வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு எடுத்தால் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது. மாதவிடாய் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் அதிகம் வாங்கப்படும் மெஃபனமிக் அமிலம், சிலருக்கு அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. இந்த மாத்திரையை எடுத்த பிறகு, சில வாரங்கள் கழித்தேகூட, உடலில் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

"வயிறு வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால், நெரிசலான ஓ.பி-யில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்தான் பதில் சொல்லும். செல்போனில் ஒரு நோட் போதும். கடைசி மாதவிடாய் தேதி, வலி தொடங்கிய தேதி, எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம், ரத்தப்போக்கோடு வந்ததா, இல்லாமல் வந்ததா, சிறுநீர், மலம் கழிக்கும்போது கூடியதா, வாந்தி இருந்ததா, அன்று வகுப்புக்கோ வேலைக்கோ போக முடிந்ததா. மூன்று மாதங்களுக்கு இதைக் குறித்துவைத்தால், காரணத்தைத் தேடும் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. "இது பி.சி.ஓ.எஸ்ஸால மட்டும்தானா, வேற ஏதாவது இருக்குமா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம்.

மாதவிடாய் 3 மாதங்களுக்கு மேல் வரவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். தடித்த உள்வரிச் சவ்வு ஆண்டுக்கணக்கில் உதிராமல் இருப்பது பிற்காலத்தில் கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். மாதவிடாயை வரவைக்கும் ஹார்மோன் மாத்திரைகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கூடவே ரத்தச் சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, பி.பி-யும் பார்க்கச் சொல்வார்கள். பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்' என்பது பி.சி.ஓ.எஸ்ஸுக்கும் சிகிச்சை அல்ல, வலிக்கும் சிகிச்சை அல்ல. அப்படித் தள்ளிப்போடப்பட்ட வலி, கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில், இன்னும் சொல்ல முடியாத இடத்தில் தொடரும்.

புவனகிரி, சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகலாம். மேல்சிகிச்சைக்கு அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பலரும் இன்னும் 'ராஜா முத்தையா' என்றே சொல்லும் அதே மருத்துவமனைதான். அங்கே மகப்பேறு, மகளிர் நலப் பிரிவு உண்டு. நேரில் போகும் முன் ஆலோசனை வேண்டுமென்றால் 104 என்ற எண்ணில் அரசு சுகாதார உதவி மையத்திடம் பேசலாம். போகும்போது செல்போன் நோட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால், ஒரு பாட்டில் தண்ணீரும்.